வாசலில் ஆள் நின்று கூப்பிடுகிற ஹோட்டலில் சாப்பிடலாமா?

அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே நடந்தால் கடைக்குக் கடை ஒருவர் நின்று "வாங்க சார், சாப்பாடு ரெடி" என்கிறார். காரில் வரும்போது ஆம்பூர் பக்கம் பார்த்தால் விசிலும் கொடியுமாக நின்று வண்டியைத் திருப்பச் சொல்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் ஆள் வைத்துக் கூப்பிடுவானேன்? தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறார்களா? நோயாளியை வைத்துக்கொண்டு அந்த மாதிரி இடத்தில் நம்பிச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். வாசலில் ஆள் நிற்பதற்கும் உள்ளே இருக்கிற சாம்பாரின் ருசிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆள் நிற்கிறார் என்றால் அந்தத் தெருவில் நடக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஊருக்குப் புதியவர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். நான் இந்த ஊர் ஹோட்டல் தொழிலில் வெகு காலமாக இருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், சரக்கு வாங்கிப் போட்டிருக்கிறேன், வாசலுக்கு ஆள் வைத்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலூருக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கிற மெஸ்களில் மதியம் உட்கார இடம் கிடைக்காது, ஆனால் வாசலில் ஒருவரும் நின்று கூப்பிட மாட்டார்கள். தேவையே இல்லை. இன்றைக்கு வருகிறவர் நேற்றும் வந்தவர், நாளைக்கும் வருவார். ஒரு நாள் வத்தக்குழம்பு சரியில்லை என்றால் கை கழுவும்போதே சொல்லிவிட்டுப் போவார், இரண்டு நாள் தொடர்ந்தால் பக்கத்து மெஸ்ஸுக்குப் போய்விடுவார். அங்கே வாடிக்கையாளரே கடைக்கு விளம்பரம்.

ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற ஐடா ஸ்கடர் ரோடு, காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் நிலைமை வேறு. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த இந்த சி.எம்.சி. மருத்துவமனை இன்று கொல்கத்தா, ராஞ்சி, பாட்னா, குவாஹாட்டி, அகர்தலா என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்களை இழுக்கிறது. வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். சித்தூர் பக்கமிருந்து தெலுங்குக்காரர்கள் தினமும் வந்து போகிறார்கள். இவர்களில் பலர் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி நேரே இங்கே வருகிறார்கள். எந்தக் கடை எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. ஊர்ப் பாஷை தெரியாது. போர்டைப் படிக்க முடியாது. கூடவே வயிற்றில் பசியும் மனதில் பயமும். நாலு நாளோ நாலு வாரமோ இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த மாதம் வேறு முகங்கள் வரும். இப்படிப்பட்ட தெருவில் நல்ல சமையல் செய்கிற கடைக்கும் சுமாரான கடைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் இரண்டு கடைக்காரரும் ஆள் நிறுத்தித்தான் ஆக வேண்டும். நல்ல கடைக்காரர் மட்டும் "என் சாப்பாடு பேசும்" என்று சும்மா இருந்தால், பேசுவதற்கு முன்பே கூட்டம் பக்கத்துக் கடையில் உட்கார்ந்துவிடும்.

இதை ஒரு பொருளாதாரப் பேராசிரியர் அழகாக எழுதியிருக்கிறார். 2019-இல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜி, 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்கொண்ட உதாரணமே ஹோட்டல்தான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹோட்டல். எது நல்லது என்று ஆளுக்கு ஒரு சின்னத் துப்பு தெரியும். முதலில் வருகிறவர் தன் துப்பை வைத்து ஒன்றில் நுழைகிறார். அடுத்தவர் அவர் உள்ளே இருப்பதைப் பார்த்து, தன்னிடம் இருக்கிற துப்பை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போகிறார். மூன்றாமவரும் அப்படியே. கடைசியில் சுமாரான ஹோட்டல் நிரம்பி வழிய, நல்லது காலியாகக் கிடக்க வாய்ப்பிருக்கிறது. எங்கள் தொழிலில் இதைக் கட்டுரை படிக்காமலேயே எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு முதலில் வருகிற குடும்பத்தை ஃபேனுக்கு அடியில், ஏசி பக்கத்தில் என்று உள்ளே அனுப்ப மாட்டார்கள். தெருவைப் பார்த்த மேஜையில் உட்கார வைப்பார்கள். அந்த முதல் மேஜை நிரம்பும் வரைக்கும்தான் வாசலில் இருப்பவருக்கு உயிர் போகிற வேலை. நாலு மேஜை நிரம்பிவிட்டால் அவர் குரல் தானாகவே இறங்கிவிடும், கவனித்துப் பாருங்கள்.

மறுபடியும் இரண்டரை மணிக்கு மேல் குரல் ஏறும். காலை பதினோரு மணிக்குள் ஒரு கணக்குப் போட்டுச் சோறும் குழம்பும் கூட்டும் வைத்தாகிவிட்டது. கேஸுக்கும், சம்பளத்துக்கும், வாடகைக்கும் ஆன செலவு ஆனதுதான். மூன்று மணிக்கு மேல் மிஞ்சுகிற சோற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக வருகிற பத்துப் பேர் கொடுக்கிற காசு ஏறக்குறைய முழுதாகக் கடைக்கு நிற்கும். அதனால்தான் இரண்டே முக்காலுக்கு அந்தப் பக்கம் நடந்தால் கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். உங்கள் அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். எல்லாம் சூடாக இருக்கும்.

அப்புறம், இந்த வேலையை வெறும் கூச்சல் என்று நினைக்கிறார்கள். கிட்டத்தில் நின்று பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஹோட்டல் வாசலில் நிற்கிறார். காலை எட்டரை மணிக்கு மேல் அவர் பார்ப்பது முகத்தை அல்ல, முழங்கையை. மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தால் அந்த ஆள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். சர்க்கரை டெஸ்ட் என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுக்க வேண்டும். அவருக்குப் பொங்கல் வெந்துகொண்டிருக்கிறது, பூரி போட்டுத் தருகிறோம் என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "இட்லி உடனே இருக்கு, உக்காந்தா வந்துரும்" என்று மட்டும் சொல்கிறார். அந்த ஆள் வேறு எதையும் கேட்காமல் உள்ளே போய்விடுகிறார்.

கையில் பெரிய எக்ஸ்ரே கவர் இருந்தால் ஒரு மாதிரி, சூட்கேஸ் இருந்தால் ஒரு மாதிரி. சூட்கேஸ்காரர் இன்னும் லாட்ஜே பார்க்கவில்லை, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டால் எரிச்சல்தான் படுவார். எக்ஸ்ரே கவர்காரர் டாக்டரைப் பார்த்துவிட்டார், இனி உட்காரத்தான் இடம் தேடுவார். குடும்பத்தில் யார் முடிவெடுக்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்கிறார். பெரும்பாலும் முன்னால் நடக்கிற ஆண் இல்லை, நோயாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வருகிற பெண்தான். அவர் காதில் விழுகிற மாதிரி "தீதி, ஆஷுன், கரம் பாத் ஆச்சே, ஜால் கம்" என்பார். அக்கா வாங்க, சூடாகச் சோறு இருக்கு, காரம் கம்மி என்கிறார். இவருக்கு வங்காளி எழுதவோ படிக்கவோ தெரியாது. வாசலில் நின்றே கற்றுக்கொண்டது. வயதான அம்மா என்றால் "மாஷிமா". பீகார், ஜார்கண்ட்காரர் என்றால் இந்தியில் "ஆயியே பையா". சித்தூர்க்காரர் என்றால் "ரண்டி அண்ணா". குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் என்றால் "இன்னாம்மா, காலையிலேந்து ஒண்ணும் சாப்ட்ல போலருக்கே, வாங்க" என்று நம்ம ஊர்த் தமிழ். இதில் "காரம் கம்மி" என்பது முக்கியம். கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு நம் சமையலில் பெரிய பயம் காரமும் புளியும்தான். அந்தப் பயத்தை மூன்று நொடியில் தீர்க்கிற வாக்கியம் எது என்று தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு.

இவ்வளவு திறமை எதற்கு வேண்டியிருக்கிறது என்றால், போட்டி பக்கத்து ஹோட்டலோடு மட்டும் இல்லை. இங்கே பல லாட்ஜ்களில் அடுப்பு, பாத்திரத்தோடு அறை கிடைக்கும். நீண்ட சிகிச்சைக்கு வருகிற குடும்பங்கள் இரண்டு நாள் ஹோட்டலில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, மார்க்கெட்டில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தாங்களே பொங்கிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். ஆக ஒரு குடும்பம் ஹோட்டல் கைக்கு எட்டுவதே அந்த முதல் இரண்டு மூன்று நாள்தான். வங்காளி எழுத்தில் போர்டு மாட்டி, பருப்பு, ஆலு பாஜா, ரூயி மீன் குழம்பு என்று போடுகிற ஹோட்டல்கள் இந்தத் தெருக்களில் பெருகியதற்கும் இதுவே காரணம். வீட்டுச் சமையல் மாதிரி கொடுத்தால்தான் அவர்கள் அடுப்புப் பக்கம் போகாமல் இருப்பார்கள். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, அங்கிருந்து வருகிறவர்களுக்கு இந்திய விசா கிடைப்பது சிரமமான பிறகு, வரத்து குறைந்தது. வாசலில் கூப்பிடுகிற குரல்கள் இப்போது முன்பைவிட அழுத்தமாக இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெடுஞ்சாலைக் கதை தனி. சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர், வாணியம்பாடி வரும்போது சரியாகப் பசிக்கும். ஆம்பூர் பிரியாணிக்குப் பேர் இருக்கிறது. சீரக சம்பா அரிசி, கூட எண்ணெய்க் கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. அதனால் அந்தப் பெயரை வைத்தே வரிசையாகக் கடைகள். பல கடைகளின் பெயர்கள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், எது எதனுடைய கிளை என்று உள்ளூர்க்காரருக்கே சட்டென்று தெரியாது. இந்த நிலையில் ஓட்டுகிறவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது வண்டி. கடை போர்டு 300 மீட்டர் தூரத்தில் கண்ணில் பட்டால், அதைத் தாண்டுவதற்கு 14 நொடிகூட இல்லை. அதற்குள் போர்டைப் படித்து, "இங்க நிறுத்தலாமா" என்று பின் சீட்டில் கேட்டு, பதில் வாங்கி, கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியைப் பார்த்து, இடது பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைக்க வேண்டும். நடக்கிற காரியம் இல்லை. தாண்டிப் போய்விட்டால், நடுவில் தடுப்புச் சுவர் இருப்பதால், திரும்பி வர ஒருவருக்கும் மனசு வராது. அதனால்தான் விசில்காரர் கடை வாசலில் நிற்பதில்லை, சர்வீஸ் ரோடு பிரிகிற இடத்துக்கு முன்பே நிற்கிறார். அவர் கொடி ஆட்டுவது "வாங்க" என்று சொல்வதற்கு மட்டுமில்லை. வழி இங்கே திரும்புகிறது, உள்ளே பார்க்கிங் காலி இருக்கிறது, கடை திறந்திருக்கிறது என்ற மூன்றும் அந்த ஒரு கை அசைப்பில் இருக்கிறது. இரவில் கொடிக்குப் பதிலாகச் சிவப்பு லைட் ஸ்டிக். சாப்பிட்டு முடித்த வண்டி மறுபடி ரோட்டில் ஏறும்போது பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்து விசில் அடித்து ஏற்றிவிடுகிறவரும் அவரேதான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இதில் எனக்கு உடன்பாடில்லாத பழக்கமும் ஒன்று உண்டு. சில இடங்களில் ரோட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஓடுகிற காரின் முன்னால் கையை நீட்டுகிறார்கள். ஓட்டுநர் திடுக்கிட்டு பிரேக் அடித்தால் பின்னால் வருகிற பஸ் என்ன செய்யும்? அவர் உயிருக்கும் ஆபத்து, வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. ஆனால் அதைத் தானாக அவர் செய்வதில்லை. "ஒரு மணி நேரமா வண்டி உள்ள வரல, என்னா பண்றே" என்று கல்லாவிலிருந்து கேட்பதால் செய்கிறார். பொறுப்பு முதலாளியுடையது. ஒளி பட்டால் மின்னுகிற ஜாக்கெட் வாங்கிக் கொடுத்து, ரோட்டோரக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில் என்று சொல்ல ஒரு நாள் வியாபாரக் காசுகூட ஆகாது.

வெளியூர் பஸ் நிற்கிற மோட்டல்களையும் இதில் சேர்க்கிறார்கள், ஆனால் அங்கே நடப்பது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு பஸ் தகரத்தை உள்ளங்கையால் தட்டி "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டீ, காபி, டிபன் சாப்புடுறவங்க இறங்கலாம்" என்கிற குரல் உங்களைக் கூப்பிடவில்லை. பஸ் ஏற்கெனவே நின்றுவிட்டது, வேறு கடைக்கு நீங்கள் போகவும் முடியாது. வாசலில் ஆள் கூப்பிடுவதைப் பார்த்து மக்களுக்கு வருகிற சந்தேகத்தில் பாதி, இந்த மோட்டல்களில் ஆறிப்போன தோசைக்கு அதிக விலை கொடுத்த அனுபவத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அதை நடந்து போகிறவரைக் கூப்பிடுகிற தெருக்கடை மேல் ஏற்றுவது நியாயம் இல்லை. தெருக்கடையில் பிடிக்கவில்லை என்றால் எழுந்து பத்தடி நடந்தால் அடுத்த கடை.

கமிஷன் விஷயத்துக்கு வருகிறேன். லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிற ஆட்டோக்காரருக்கும் புரோக்கருக்கும் அறைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு, அது ஊரறிந்தது. காட்பாடி ஸ்டேஷனில் நீங்கள் இறங்கியதும் சூழ்ந்துகொள்கிறவர்கள் அவர்கள். பிளாட்பாரத்துக்குள் வராமல் வெளியே நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் ரயில்வே இடத்துக்குள் விற்பதும் வாடிக்கையாளரைப் பிடிப்பதும் குற்றம். ஹோட்டல் வாசலில் நிற்கிறவர் கதை அப்படி இல்லை. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் மாதச் சம்பளம் அல்லது நாள் கூலி, இரண்டு வேளைச் சாப்பாடு, டீ. சாப்பாட்டில் நிற்கிற லாபம் கொஞ்சம்தான், அதில் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக் கொடுத்தால் கட்டாது. தவிர, ஒருவர் தானாக வந்தாரா, கூப்பிட்டு வந்தாரா என்று எப்படிப் பிரிப்பது? அதனால் அவர் பேச்சைக் கேட்டு உள்ளே போனால் உங்கள் பில்லில் அவருக்கென்று ஒரு தொகை ஏறும் என்ற பயம் வேண்டாம். அவர் சம்பளம் சமையல் மாஸ்டர் சம்பளம் மாதிரி கடையின் பொதுச் செலவு. லாட்ஜ்காரரோ ஆட்டோக்காரரோ "இந்த ஹோட்டல்லதான் சாப்பிடணும்" என்று குறிப்பாக ஒரு பெயரைச் சொல்லி இறக்கிவிட்டால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

யார் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் முழுக்க வயதானவர்கள். தோல் தொழிற்சாலையிலோ பீடி கம்பெனியிலோ உழைத்து முடித்து, இனி பாரம் தூக்க முடியாது என்று ஆனவர்கள். செக்யூரிட்டி சட்டை போட்டிருப்பார்கள், ஆனால் எந்த செக்யூரிட்டி ஏஜென்சியிலும் பெயர் இருக்காது. சட்டையைக் கடைக்காரரே தைத்துக் கொடுத்திருப்பார். இப்போது பாதி இடங்களில் வங்காளம், பீகார், அசாம் பையன்கள் நிற்கிறார்கள். தங்கள் ஊர்க்காரர்களைத் தங்கள் பாஷையிலேயே கூப்பிட முடிகிறது, கூட்டம் ஏறினால் உள்ளே போய் மேஜையும் துடைப்பார்கள். இதனால் பெரியவர்களுக்கு வேலை குறைகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அந்தப் பையன்கள் மேல் கோபம் இல்லை. ஊரை விட்டு வந்து வெயிலில் நிற்கிறார்கள்.

வெயில் என்று சொன்னால் வேலூர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. அந்த நேரத்தில்தான் மதியச் சாப்பாடு, அந்த நேரத்தில்தான் அவர் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே ஏசி ஓடும், அந்த ஏசியின் வெளி யூனிட் பல கடைகளில் இவர் முதுகுக்குப் பின்னால்தான் அனலைக் கக்கும். காலை பதினொன்றிலிருந்து நான்கு வரை, பிறகு ஏழிலிருந்து பத்தரை வரை. நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொள்ளும், கணுக்கால் வீங்கும். நான் சொன்ன பெரியவர் சாக்ஸைக் கழற்றினால் வார்ப்பட்டை கட்டியிருந்த மாதிரி சதையில் பள்ளம் விழுந்திருக்கும். அவர் நிற்கிற இடத்திலிருந்து ரோட்டைத் தாண்டினால் நாட்டிலேயே பேர்போன ஆஸ்பத்திரி. காலைக் காட்ட அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலை செய்கிறவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே அதைச் செய்துவிட்டது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் பூராவும் நின்ற பெண்களின் கஷ்டத்தை வைத்துத்தான் இந்தப் பேச்சே எழுந்தது. ஹோட்டல்களுக்கென்று 1958-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, வேலை நேரம், வார விடுமுறை எல்லாம் அதில் வருகிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு உயரமான ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு ஷீட், பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர். உட்கார்ந்துகொண்டு "வாங்க" என்றால் வாடிக்கையாளர் வர மாட்டார் என்று முதலாளிகள் சொல்வார்கள். நான் ஸ்டூல் போட்டுப் பார்த்திருக்கிறேன், வியாபாரம் குறையவில்லை. கூட்டம் வரும்போது அவர் தானாகவே எழுந்துகொள்கிறார்.

வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள் பக்கம் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிற வழியை மறிப்பது, வீல்சேரில் வருகிறவர் முன்னால் போய் நிற்பது, பையைப் பிடித்து இழுப்பது, இரண்டு கடை ஆட்கள் ஒரே குடும்பத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொள்வது, இதையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிற ஒருவருக்கு அந்தக் கூச்சல் எவ்வளவு வேதனை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிநாடுகளில் இதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சிங்கப்பூர் உணவு மையங்களில் வாடிக்கையாளரைக் கூவிப் பிடிப்பது விதிமீறல். லண்டனில் பிரிக் லேன் என்ற தெரு வங்கதேசத்துக்காரர்கள் நடத்துகிற ஹோட்டல்களுக்குப் பேர்போனது, அங்கேயும் வாசலில் ஆள் நின்று கூப்பிடுவார்கள், உள்ளூர் நிர்வாகம் அதைத் தடுத்து வழக்குப் போட்டிருக்கிறது. வேலூரில் முழுத் தடை வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே பாஷை தெரியாமல் வந்து நிற்கிற குடும்பத்துக்கு, தன் மொழியில் ஒருவர் கூப்பிட்டுப் பேசுவது உண்மையிலேயே உதவி. கடையின் படிக்கட்டை விட்டு இறங்கக் கூடாது, ஆள் மேல் கை படக் கூடாது என்ற இரண்டு விதியை அந்தத் தெரு ஹோட்டல்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டாலே போதும்.

சரி, நீங்கள் எப்படித் தேர்ந்தெடுப்பது? கூப்பிடுகிறவரிடம் நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மீல்ஸ் எவ்வளவு, அன்லிமிடெட்டா?" விலையைத் தயங்காமல் சொன்னால் உள்ளே போகலாம். "வாங்க சார், உள்ள வந்து பேசிக்கலாம்" என்றால் அடுத்த கடையைப் பாருங்கள். உள்ளே போனதும் விலைப்பட்டியலைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், அதன் 14 இலக்க எண் பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும். கேட்காமலேயே மீன் வறுவல், ஆம்லெட் என்று தட்டுகளைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தால், தொடுவதற்கு முன் விலை கேளுங்கள். பில் எகிறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், வாசலில் அல்ல. கை கழுவுகிற இடத்தைப் பார்த்தால் சமையல்கட்டின் சுத்தம் பாதி தெரிந்துவிடும்.

அம்மாவுக்குப் பத்தியம் இருந்தால் அதை வாசலில் இருப்பவரிடம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர் "எல்லாம் இருக்கு" என்றுதான் சொல்வார், அது அவர் வேலை. உள்ளே சூப்பர்வைசரையோ மாஸ்டரையோ கேட்டு, உப்புக் குறைவாக, எண்ணெய் இல்லாமல் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கிட்னி, சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக எடுத்துக் கொடுத்துப் பழக்கப்பட்ட கடைகள் அந்தத் தெருவில் நிறையவே இருக்கின்றன. குடிக்கச் சுடுதண்ணீர் கேளுங்கள், தருவார்கள்.

வேண்டாம் என்றால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போக வேண்டியதில்லை. அவரைப் பார்த்து "சாப்பிட்டாச்சுண்ணா" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் ஒருவரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். பதிலே சொல்லாமல் நழுவிப் போகிறவரைத்தான் முடிவெடுக்காதவர் என்று நினைத்து இன்னும் இரண்டு அடி கூடவே வருவார்கள். அம்மாவால் நடக்க முடியாத நாளில் அதே ஆளிடம் லாட்ஜ் பெயரும் அறை எண்ணும் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் பையனிடம் பார்சல் கொடுத்தனுப்புவார்கள். ரசம் தனியாக, சோறு குழைய வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.